ஆனை ஒழுங்கை

அக்காவின் குசினிக்குள் நின்றால் களப்பு தெரியாது. அன்று காலை தெரிந்தது.

மேற்குச் சுவர் உடைந்து கிடந்தது. அதற்கு நேர் எதிரே கிழக்குச் சுவரும் உடைந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவில், முதல் நாள் வரைக்கும் அடுப்பு இருந்த இடத்தில், கல்லும் தூளும் ஓட்டுத் துண்டுகளும். கிழக்குப் பக்க ஓட்டைக்கு அப்பால் புல்வெளி, ஒரு சின்னக் குளம், அதற்கும் அப்பால் குச்சவெளிக் களப்பின் கடல்நீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான காட்சியை அந்த நேரத்தில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

விடியவே அக்காவின் கணவர், என் அத்தான், போன் எடுத்திருந்தார். "வசந்தி, பயப்பிடாத. ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை. குசினிக்குள்ளால ஆனை போயிட்டுது."

வந்தது என்று அவர் சொல்லவில்லை. போயிட்டுது என்றுதான் சொன்னார். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டில் இருந்து இறங்கி, முதல் புல்மோட்டை பஸ்ஸைப் பிடித்து, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டும்வரை அந்த ஒரு சொல்லே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நசுங்கிய கேத்தில்.

"நெல்லு முழுக்கப் போச்சோ?" என்று கேட்டேன்.

"தொடேல்லையடி."

எட்டிப் பார்த்தேன். குசினி மூலையில் நெல்லுச் சாக்குகள் கட்டு அவிழாமல் நின்றன. உப்புப் போத்தல் தட்டில் இருந்தது. வெளியே வாழைக்குலைகூட அப்படியே தொங்கியது.

"சாப்பிட வரேல்லை," என்றார் அக்கா. "இதுக்குள்ளால போகோணும் எண்டு வந்தது. போனது. அவ்வளவுதான்."

வாசலில் நிற்கும் கப்பல்

எனக்குத் திசை தெரியாது. காலமெல்லாம் தபால் கந்தோரில் இருந்து ஊர் ஊராகக் கடிதம் பிரித்தவள் என்றாலும் தெரியாது. தோப்பூருக்குக் கலியாண வீடென்று போய், சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வேறு யாருடையவோ கலியாணத்தில் வயிறாரச் சாப்பிட்டு வந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதன் பிறகு, தெருவில் காண்பவர்கள் எல்லாம் "வீட்டுக்கு வழி தெரியுமே அக்கா?" என்று கேட்கிறார்கள். தெரியும். வீட்டுக்கு மட்டும் தெரியும்.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் உட்துறைமுகம் கண்ணுக்குக் கீழே கிடக்கும். பெரிய கப்பல் ஏதும் வந்து துறைமுக வாயிலில் தயங்கி நிற்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"பாரும். சமுத்திரம் முழுக்கத் தனிய வந்த சாமான். வாசலுக்கு வந்தவுடன நிண்டு, உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் கேக்குது."

அவர் போய் எத்தனையோ வருடமாகிறது. இன்றைக்கும் கப்பல் நிற்பதைக் கண்டால் வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறேன், அவரைக் கூப்பிட.

எங்கள் நகரத்து மான்களுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. கோட்டைப் பக்கத்தில் இருந்து இறங்கி, கடைத்தெருவைக் கடந்து, வாகனங்களை எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போகும். எங்கள் கந்தோருக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை போட்டார்கள். அது மான்கள் நடக்கிற இடம் என்று போட்ட பிறகுதான் தெரிந்தது. மான்கள் சைக்கிள்களுக்கு நடுவே, உடம்பை ஒடுக்கி, ஒவ்வொன்றாக நுழைந்து போயின. ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, எங்கள் கந்தோர்ப் பெரியவர் கொட்டகையை மற்றப் பக்கம் மாற்றச் சொன்னார்.

மான் ஒடுங்கிப் போகும். யானை எப்படி ஒடுங்கும்?

துப்புரவான பாதை

அத்தான் பஸ் டிறைவராக இருந்தவர். திருகோணமலையில் இருந்து கரையோரமாக ஓடும் அந்தப் பாதையில் எந்த இடத்தில் எந்தக் குழி என்பது அவருக்குப் பாடம். அப்படிப்பட்டவர், சண்டை முடிந்து சில வருடங்களின் பின் காணிக்குப் போகலாம் என்று விட்டபோது, தன் காணி எதுவென்று தெரியாமல் தெருவோரத்தில் நின்றார்.

நானும் அக்காவும் பக்கத்தில் நின்றோம். அவர்கள் அங்கிருந்து ஓடிவந்தபோது அக்காவுக்குத் தலையில் ஒரு நரை இல்லை. திரும்பி வந்தபோது கறுப்பு இல்லை. வீடு இல்லை, வேலி இல்லை. அடையாளம் வைத்த மரங்கள் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் முள்ளுப் பற்றை.

"இதிலதான் எங்கயோ," என்றார் அத்தான். அங்குமிங்கும் நடக்கவும் பயம். நிலத்துக்குள் எங்கே கண்ணிவெடி கிடக்கிறதோ.

அக்காதான் அந்தப் பாதையைக் கண்டார். பற்றைக்கு நடுவே ஒரு துப்புரவான வழி, மண் இறுகி, இரண்டு பக்கமும் கொப்புகள் முறிந்து.

"இஞ்ச பாருங்கோ, ஆரோ எங்களுக்கு வெட்டி விட்டிருக்கினம்."

அதிலே நடந்தோம். முன்னால் அக்கா. கொஞ்ச தூரம் போனதும், வலது கைப்பக்கம் இடிந்த கிணற்றுக் கட்டு. அதன் அருகே உடுப்புத் தோய்க்கிற கல்லு. அக்கா போய் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு அதன் மேல் உட்கார்ந்து, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார். அத்தான் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு கட்ட நேரம் வந்தபோது, பற்றை இல்லாத, மிதித்து உறுதியான அந்த இடத்திலேயே கட்டினார்கள். மற்றப் பக்கம் மண்வெட்டி போட அந்த நேரம் யாருக்கும் துணிவில்லை.

அந்த வழியை வெட்டி விட்டது யார் என்று அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

"எங்கால போகும்?"

குசினி உடைந்த அன்று, எட்டிப் பார்த்த முதல் ஆள் பக்கத்து வயல்காரர் றபீக் நானா. அவர் மனைவி கொடுத்துவிட்ட இடியப்பப் பெட்டியோடு வந்தார். ஓட்டை வழியாக இந்தப் பக்கம் பார்த்தார். மற்றப் பக்கம் பார்த்தார்.

"அல்லாட காவல்," என்றார். "இது எப்பவும் வாற ஆனைதான் டிறைவர். காது கிழிஞ்ச பொம்புள ஆனை. காட்டுக்குள்ள தண்ணி வத்தினா இந்தக் குளத்துக்கு வரும். முன்னெல்லாம் உங்கட வீட்டைச் சுத்தி, பத்தைக்குள்ளால போகும். இப்ப பத்தை எங்க இரிக்கி? நாங்க எல்லாரும் வெட்டி வயலாக்கிட்டம். அதுக்குப் பழைய வழி மட்டும்தான் மிச்சம்."

"பழைய வழி எது?" என்றேன்.

நானா கையை நீட்டினார். மேற்கே காடு. நேராக அக்காவின் குசினி. நேராகக் குளம்.

"வெடி போடுவம். வனவிலங்கு ஒபிசில கேட்டாக் குடுப்பாங்க," என்றார் நானா.

"வெடி போட்டால் எங்கால போகும்?" என்று அத்தான் கேட்டார்.

நானா யோசித்தார். "எண்ட வயலுக்குள்ளால."

அத்தனை கவலைக்குள்ளும் மூவரும் சிரித்துவிட்டோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடியப்பப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நகரத்தில் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், "என்ர குசினி" என்று அவர் சொல்லாத நாள் இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம், அம்மி எந்தப் பக்கம் என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

"நாங்கள் இல்லாத காலத்தில அது நடந்த வழி," என்றார் கடைசியில். "அதுக்கு முன்னம் எங்கட வளவு. இதை ஆரிட்டப் போய் வழக்கு வைக்கிறது?"

இடியப்பப் பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"குசினியைத் திரும்பக் கட்ட வேண்டாம். இந்தக் கல்லுகளைப் பொறுக்கி முன்னுக்கு ஒரு சாய்ப்புப் பத்தி இறக்குவம். அதுக்குள்ள சமைக்கிறன்."

"ராணி, வடிவாய் யோசிச்சுச் சொல்லும்," என்றார் அத்தான்.

"யோசிச்சுத்தான் சொல்றன். நானும் இருக்கோணும். அதுவும் போகோணும்."

மிச்சமிருந்த சுவரையும் இடித்தார்கள். வேலியை உள்ளே தள்ளிப் போட்டார்கள். வாழைகளைப் பிடுங்கி மற்றப் பக்கம் நட்டார்கள். இரண்டு பஸ் எதிரெதிரே போகிற அகலம் என்று அத்தான் கணக்கு வைத்து, காணியின் குறுக்கே ஒரு இடைவெளி விட்டார். இரண்டு வேலிக்கு நடுவே ஆள் நடக்கிற பாதையை நாங்கள் ஒழுங்கை என்போம். அத்தான் அதற்கு ஆனை ஒழுங்கை என்று பெயர் வைத்தார்.

நல்ல காலம்

அடுத்த ஆடியில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்க, ஒரு காலை அத்தான் போனில் கத்தினார். "வந்து பார் வசந்தி! ஒழுங்கையாலதான் போயிருக்கினம்!"

போனேன். புழுதியில் தாம்பாளம் தாம்பாளமாகக் காலடிகள். நடுவே ஒரு சோசர் அளவில் சின்னக் காலடிகள். அத்தான் அதன் பக்கத்தில் குந்தியிருந்து, மிதிக்காதே மிதிக்காதே என்று என்னைத் தள்ளி நிறுத்தினார். பேரப்பிள்ளையின் காலைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தரம் நான் அவைகளை நேரே கண்டேன். பொழுது சாய்கிற நேரம். அக்கா ரேடியோவை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அறை ஜன்னலால் பார்த்தோம். காது கிழிந்தது முன்னால் வந்தது. பின்னால் இரண்டு. முன்னதின் வயிற்றுக்குக் கீழே குட்டி.

குட்டி நேரே போகவில்லை. கொடியில் காய்ந்த துவாயைக் கண்டதும் வேலியோரம் ஓடி வந்து தும்பிக்கையை நீட்டியது. தாய் நின்றது. சத்தம் போடவில்லை. தும்பிக்கையால் குட்டியின் பின்புறத்தில் ஒரு தட்டு. குட்டி திரும்பப் பாதைக்கு வந்து வாலுக்குப் பின்னால் நடந்தது.

"பாலர் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போற மாதிரி," என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். என் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை. பயம் இல்லை. அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்கு முன் எப்போது கண்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அப்படி இன்னும் ஒரு ஆடி போனது.

தென்னந்தோட்டம்

அக்காவின் காணிக்கும் குளத்துக்கும் இடையில் இருந்த வெறும் நிலத்தை ஒரு கம்பனி எடுத்தது. தென்னங்கன்றுகள் நட்டார்கள். கன்றுக்குக் காவலாக மின்சார வேலிக்குத் தூண் நட்டார்கள். ஒரு பக்கம் களப்புத் தண்ணீர் வரை, மறுபக்கம் தெரு வரை. யாரும் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் நிலம், அவர்கள் கன்று.

தூண் நடும்போது அத்தான் தினமும் போய் வேலியோரம் நின்று பார்த்தாராம். "நாங்கள் விட்டமாதிரி அவையும் விடுவினம் எண்டு நினைச்சன்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "ஒழுங்கை கண்ணுக்கு முன்னால நேராக் கிடக்குது. பாத்தாலே விளங்கும் எண்டு நினைச்சன். அண்டைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்."

அந்த ஆடியிலும் அவை வந்தன. ஒழுங்கையால் வந்து, வேலியில் முட்டி, சுண்டி இழுத்த வலியில் பிளிறிய சத்தம் றபீக் நானா வீடு வரை கேட்டதாம். விடிந்தபோது காது கிழிந்தது ஒழுங்கையின் முடிவில் நின்றதை அக்கா கண்டார். குளம் அதற்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுக் காட்டுக்குத் திரும்பிப் போனது.

பிறகு அது வேறு வழி தேடியது. தோட்டத்தைச் சுற்றிக் குளத்துக்குப் போக ஒரு வழிதான் உண்டு. தெரு.

தெருவில் அந்த இடத்தில் ஒரு வளைவு இருக்கிறது. காலை வெயில் நேரே டிறைவரின் கண்ணில் அடிக்கிற இடம். புல்மோட்டையில் இருந்து வந்த மீன் லொறி.

அத்தான் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார். யானை தெருவுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது, மூச்சு இருந்தது. லொறிக்காரன் நெற்றியில் இரத்தத்தோடு, மதகில் உட்கார்ந்து, "நான் காணேல்லை ஐயா, நான் காணேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். அத்தானால் அவனை ஏச முடியவில்லை. அந்த வளைவில் எத்தனை வருடம் அவரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவனுக்குக் குடிக்கக் கொடுத்தார். மிச்சத்தை யானையின் வாயில் ஊற்றினார். அது விழுங்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு நின்றிருந்தது. மற்ற யானைகள் காட்டுக்குள் ஓடிவிட்டன. குட்டி மட்டும் போகவில்லை. சனம் கூடி நின்ற இடத்தில், தாயின் முன்னங்காலுக்கும் வயிற்றுக்கும் இடையில் தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. அக்கா தெருவுக்கு வர மறுத்துவிட்டார்.

வழி காட்டுவது யார்?

பின்னேரம் வனவிலங்கு அதிகாரிகள் வந்து குட்டியை வலை போட்டுப் பிடித்து, லொறியில் ஏற்றினார்கள். அனாதைக் குட்டிகளை வளர்க்கிற தூர இடமொன்றுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். அத்தான் லொறியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு அதிகாரியோடு கதைத்தார்.

"வளர்ந்தாப் பிறகு இஞ்ச கொண்டுவந்து விடுவீங்களோ?"

"எங்கயாவது காட்டில விடுவம். இஞ்ச எண்டு சொல்ல ஏலாது."

"விட்டால் தானாய் வருமோ?"

அதிகாரி நல்ல மனிதர். அவசரப்படாமல் பதில் சொன்னார். "ஐயா, இந்த வழியெல்லாம் தாய்தான் காட்டுறது. தாய்க்கு அதின்ர தாய் காட்டியிருக்கும். இது இன்னும் பால்குடி. இதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?"

"மற்ற ரெண்டும்?"

"அதுகள் பயந்திட்டுது. இந்தப் பக்கம் இனி வாறது கஷ்டம்."

லொறி போன பிறகும் அத்தான் கையை இறக்காமல் நின்றார். நான்தான் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழி தெரியாத நான்.

திறந்த வேலி

அதன் பிறகுதான் அத்தானும் றபீக் நானாவும் தோட்டத்துக்குப் போய்க் கதைத்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் மலையகத்தில் இருந்து வந்த ஒரு இளைஞர். இவர்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒழுங்கையை வந்து பார்த்தார்.

"எனக்கு வெளங்குதுங்க ஐயா. ஆனா நான் முடிவெடுக்க முடியாது. மேலே சொல்றேன்."

சொன்னார். பதில் வரவில்லை. இவர்கள் திரும்பப் போனார்கள். அவர் திரும்பச் சொன்னார். மாரி வந்து போய், மறுபடி வெயில் ஏறியது. ஒருநாள் அந்தப் பிள்ளையே போன் எடுத்தார். "ஐயா, அனுமதி வந்திருச்சிங்க. நேரா உங்க ஒழுங்கைக்கு எதிர்ல தொறந்துட்டோம். அந்தப் பக்கமும் தொறந்துட்டோம். கொளம் வரைக்கும் போகலாம்."

அத்தான் அன்று முழுநாளும் ஒழுங்கையில் முளைத்திருந்த முள்ளுகளை வெட்டினார். நானா மண்வெட்டியோடு வந்து உதவி செய்தார். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

ஆடி போனது. ஆவணி போனது. கச்சான் காற்றில் ஒழுங்கைப் புழுதி எழும்பி எழும்பி விழுந்தது. அத்தான் தினமும் காலையில் எழும்பிப் போய் நிலத்தைப் பார்ப்பார். நரி நடந்திருக்கும். நாய் நடந்திருக்கும். "இண்டைக்கும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வருவார். கொஞ்ச நாளில் அதையும் சொல்வதில்லை.

முதல் மழை விழுந்தபோது நான் அங்கே தங்கியிருந்தேன். தோட்டத்துப் பிள்ளை படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கையில் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தொறந்த வழியால மாடுங்க வருது. தென்னங்கன்னெல்லாம் கடிச்சிப்போடுது. எங்காளுங்க என்னைத் திட்டுறாங்க." கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். "ஆனா என் இஷ்டத்துக்கு மூட மாட்டேங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

அந்தப் பிள்ளை மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னது. தானாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

"நாளைக்குச் சொல்றன் தம்பி," என்றார் அத்தான்.

மறுநாள் காலை, கலியாண வீட்டுக்குப் போகிறவர்போல வெள்ளைச் சேட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு படலை வரை போனவர், திரும்பி வந்து ஒழுங்கையை ஒருமுறை மேற்கே பார்த்தார். பிறகு போனார்.

நானும் அக்காவும் பத்திக்குள் இருந்து கீரை ஆய்ந்தோம். கீரை முடிந்த பிறகும் அக்கா தண்டுகளைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தார்.

அத்தான் வந்து சைக்கிளைச் சாத்தினார்.

"என்ன சொன்னீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"பூட்டச் சொல்லிப்போட்டன்."

"அந்தப் பிள்ளை?"

"நன்றி எண்டு சொன்னது."

அக்கா எழும்பிக் கேத்திலை அடுப்பில் வைத்தார். அத்தான் சேட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கி, குடிக்காமல், வெளியே வானத்தைப் பார்த்தபடி, "இந்த வருசம் மழை நல்லாய்ப் பெய்யும் போல கிடக்கு," என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஓம், பெய்யும் என்றோம்.